பேரேட்டில் இல்லாத பாக்கி

ஊராட்சிக்குச் சரக்குக் கொடுத்தவன் பணம் கேட்கப் போனால், கைமாற்றுக் கேட்டு வந்தவனைப் பார்ப்பதுபோல் பார்க்கிறார்கள். கொடுத்தவர்கள் நாங்கள். தெருவில் எரிகிற விளக்கு எங்கள் கடையிலிருந்து போனது. தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றுகிற மோட்டார் எங்கள் கடையிலிருந்து போனது. ஆனாலும் ஒன்றிய அலுவலகத்துப் பெஞ்சில், யார் கூப்பிடுவார்கள் என்று காத்துக்கிடப்பதும் நாங்கள்தான்.

தூத்துக்குடி மாவட்டத்துக் கரிசல் பக்கம் ஹார்டுவேர், எலக்ட்ரிக்கல், மோட்டார் பம்பு வியாபாரம் எனக்கு. அப்பா ஆரம்பித்த கடை. எல்.இ.டி. விளக்கு, பி.வி.சி. பைப், கேட் வால்வு, சப்மெர்சிபிள் மோட்டார், கேபிள், ஸ்டார்ட்டர், பிளீச்சிங் பவுடர் என்று ஓர் ஊராட்சிக்கு அன்றாடம் வேண்டியவை எல்லாம் எங்களைப் போன்ற கடைகளிலிருந்துதான் போகின்றன. தமிழ்நாட்டில் 388 ஊராட்சி ஒன்றியங்கள், சுமார் 12,500 கிராம ஊராட்சிகள். ஒவ்வொரு ஒன்றியத்திலும் எங்களைப் போல நாலு கடைக்காரர்கள், மோட்டாருக்குக் காயில் கட்டுகிறவர்கள், டிராக்டர் வைத்திருப்பவர்கள், ஜே.சி.பி. ஓட்டுகிறவர்கள், பினாயில் தயாரிக்கும் மகளிர் குழுக்கள் இருக்கிறார்கள். அவர்களில் யாரை வேண்டுமானாலும் கேளுங்கள். ஊராட்சியில் பாக்கி இல்லை என்று சொல்கிறவர் அபூர்வம்.

எங்கள் பக்கம் போர்வெல் ஆழம் அதிகம். ஊறுகிற தண்ணீரும் பல இடங்களில் உப்பு. உப்புத் தண்ணீரில் பைப்பும் மோட்டாரும் சீக்கிரம் அரித்துப்போகும். கோடையில் வோல்டேஜ் இறங்கிக் கிடக்கும்போது மோட்டாரை ஓட்டினால் காயில் கருகும். அப்படி ஒரு மோட்டார் நின்றால் அந்த ஊர்ப் பெண்கள் காலிக் குடத்தோடு ரோட்டுக்கு வந்துவிடுவார்கள். வேறு என்ன செய்வார்கள், பாவம்? உடனே தொட்டி ஆபரேட்டர் போன் செய்வார், பிறகு ஊராட்சி செயலர், கடைசியில் தலைவரே கூப்பிடுவார்.

“அண்ணாச்சி, ஜனம் மறியலுக்கு உக்காந்துட்டு. தாசில்தார் வந்து நிக்காரு. மொதல்ல மோட்டார எறக்கி விடுங்க. பில்ல பொறவு பாத்துக்கிடலாம்.”

ராத்திரி எந்நேரம் என்றாலும் கடையைத் திறந்து மோட்டாரை ஏற்றி அனுப்புகிறோம். அந்த நேரத்தில் ‘ஆர்டரைக் காகிதத்தில் கொடுங்கள், அப்புறம் பார்க்கலாம்’ என்று சொல்ல மனசு வருமா? நாங்களும் அந்த ஊர்களுக்கு உறவுக்காரர்கள்தான். குடத்தோடு உட்கார்ந்திருப்பவர்களில் எங்கள் வீட்டுப் பெண் கட்டிக்கொடுத்த சம்பந்தி வீட்டாரும் இருப்பார்கள்.

முறைப்படி நடக்க வேண்டிய வரிசை எல்லோருக்கும் தெரியும். மன்றத்தில் தீர்மானம், பிறகு மதிப்பீடு, விலைப்புள்ளி அல்லது டெண்டர், எழுத்தில் ஓர் ஆணை, அதன்பின் சரக்கு, பில், பணம். 1998-இல் ஒப்பந்தப்புள்ளிகளில் ஒளிவுமறைவின்மைக்கென்றே தமிழ்நாட்டில் தனிச் சட்டம் வந்தது. 2000-இல் அதற்கு விதிகள் வந்தன. அவை நல்ல விதிகள். பெரிய வேலைகளுக்கு அவற்றைப் பின்பற்றவும் செய்கிறார்கள். ஆனால் கருகின மோட்டாரும் உடைந்த பைப்பும் அணைந்த விளக்கும் டெண்டர் அறிவிப்புக்குக் காத்திருப்பதில்லை. ஆகவே ஊராட்சியின் அன்றாடக் கொள்முதல் தலைகீழாக நடக்கிறது. முதலில் சரக்கு போகும். இரண்டு மாதமோ நாலு மாதமோ கழித்துத் தீர்மானம் போடுவார்கள். அதற்குப் பிறகு செயலர் போன் செய்வார்: “தீர்மானத் தேதிக்குப் பின்தேதி போட்டுப் புது பில் ஒண்ணு குடுங்க அண்ணாச்சி. கூடவே வேற ரெண்டு கடை பேர்ல கொட்டேஷனும் வாங்கிக் குடுத்துருங்க.”

இந்த இடத்தில்தான் எனக்கு வயிறு எரிகிறது. சரக்கு கடையை விட்டுப் போகும்போதே பில் போட வேண்டும் என்கிறது ஜி.எஸ்.டி. சட்டம். சித்திரையில் போன மோட்டாருக்கு ஆவணியில் பில் போடச் சொல்கிறது ஓர் அரசு அமைப்பு. நேர்மையாகத் தேதி போட்ட பில் அங்கே செல்லாது. தேதி மாற்றின பில்தான் செல்லும். மற்ற இரண்டு கொட்டேஷன்களும் போட்டிக்காக அல்ல, கோப்பை நிரப்புவதற்காகத்தான் என்பது அங்கே உட்கார்ந்திருக்கும் எல்லோருக்கும் தெரியும். நாணயமாகத் தொழில் செய்ய வேண்டும் என்று நினைக்கிற ஒருவனை, தன் சொந்தப் பணத்தைத் திரும்ப வாங்குவதற்காகப் பொய்க் காகிதம் எழுத வைப்பது என்ன நியாயம்? நாளை தணிக்கையில் கேள்வி வந்தால் மாட்டுவது யார்? பில்லில் இருப்பது கடைக்காரன் கையெழுத்து.

பில் போட்டபின் என்ன ஆகிறது என்பது இன்னும் மோசம். 18 சதவீத வரி உள்ள சரக்கு, ஒரு லட்சம் ரூபாய்க்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். பில் தொகை 1,18,000. ஊராட்சி பணம் கொடுத்ததா இல்லையா என்று ஜி.எஸ்.டி. துறை பார்ப்பதில்லை. பில் போட்டாயிற்று என்றால் அந்த 18,000 அடுத்த மாதம் கணக்கில் வந்தாக வேண்டும். அதில் பெரும் பகுதியைச் சரக்கு வாங்கும்போதே மொத்த வியாபாரியிடம் கொடுத்திருப்பேன், மீதியை ரொக்கமாகக் கட்டுவேன். எப்படியானாலும் போவது என் பணம். வாங்கியதும் அரசின் ஓர் அங்கம், வரி கேட்பதும் அரசின் ஓர் அங்கம். நடுவில் கடைக்காரன் கடன் வாங்கிக் கட்டுகிறான். நாளை அந்த ஊராட்சிப் பணம் வராமலே போனாலும், வாராக்கடன் என்று சொல்லிக் கட்டின வரியைத் திரும்பக் கேட்க ஜி.எஸ்.டி. சட்டத்தில் வழி இல்லை.

என்னைச் சுற்றி எல்லாப் பக்கமும் நாள் குறித்து வைத்திருக்கிறார்கள். கோயம்புத்தூரில் பம்பு செய்கிறவர் சிறு உற்பத்தியாளர். அவருக்கு அதிகபட்சம் 45 நாளுக்குள் நான் பணம் கொடுத்தாக வேண்டும். தாமதித்து, அந்த நிதியாண்டும் முடிந்துவிட்டால், பாக்கித் தொகையை அந்த ஆண்டின் செலவாக வருமான வரித்துறை ஏற்காது. 2024 ஏப்ரல் முதல் அப்படி ஒரு விதி. மொத்த வியாபாரிக்கு 180 நாளுக்குள் கொடுக்காவிட்டால், அந்தச் சரக்குக்கு எடுத்த ஜி.எஸ்.டி. வரவை வட்டியோடு திருப்பிக் கட்ட வேண்டும். வங்கியில் ஓ.டி. கணக்கு 90 நாள் ஒழுங்காக இல்லையென்றால் வாராக்கடன் என்று முத்திரை விழும். அதன்பிறகு எந்த வங்கி வாசலையும் மிதிக்க முடியாது. இத்தனை விதிகளுக்கும் நான் கட்டுப்படுகிறேன், கட்டுப்பட வேண்டும் என்றும் நம்புகிறேன். எனக்குப் பணம் கொடுக்க ஊராட்சிக்கு மட்டும் ஒரு நாளும் குறிக்கப்படவில்லை. அது வருமான வரி கட்டுவதில்லை, ஜி.எஸ்.டி. வரவு எடுப்பதில்லை, அதன் கணக்கை எந்த வங்கியும் வாராக்கடன் என்று சொல்லப்போவதில்லை. என்னைப் பிடிக்கிற எந்தச் சட்டமும் என் பாக்கிக்காக அதைப் பிடிப்பதில்லை.

சிறு, குறு தொழில்களைக் காக்கத்தான் 2006-இல் சட்டம் வந்ததே என்று படித்தவர்கள் சொல்கிறார்கள். உண்மைதான். 45 நாளுக்குள் பணம் கொடுக்க வேண்டும், தவறினால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு, அதுவும் மாதாமாதம் கூட்டு வட்டி என்று அந்தச் சட்டத்தில் அழுத்தமாகவே எழுதியிருக்கிறது. வாங்குகிறவர் அரசு அமைப்பாக இருந்தாலும் விலக்கு இல்லை. புகார் கொடுக்க இணையதளமும் உண்டு. ஆனால் அந்தப் பாதுகாப்பு பொருளை உற்பத்தி செய்கிறவருக்கும் சேவை செய்கிறவருக்கும்தான். 2021 ஜூலையில் மொத்த, சில்லறை வியாபாரிகளையும் சிறு தொழில்களுக்கான உத்யம் பதிவுக்குள் சேர்த்தபோது, வங்கிகளின் முன்னுரிமைக் கடனுக்கு மட்டும்தான் அது பயன்படும் என்று சொல்லிவிட்டார்கள். ஆக, வாங்கி விற்கிற என்னைப் போன்ற கடைக்காரன் அந்தச் சட்டத்தின் திண்ணையில்கூட ஏற முடியாது.

காயில் கட்டுகிறவருக்கு அந்த உரிமை உண்டு. எங்கள் பஜாரில் இருக்கும் ஒருவரிடம் புகார் போடச் சொன்னேன். அவர் கேட்டது இதுதான்: “எதை வச்சு அண்ணாச்சி போட? ஆர்டரு காயிதத்துலயா குடுத்தாவ? போன்லதான சொன்னாவ.” புகார் கொடுக்கக் கொள்முதல் ஆணை வேண்டும், பில்லை வாங்கிக்கொண்டதற்கு அத்தாட்சி வேண்டும். ஊராட்சியில் பில்லைக் கொடுத்தால் முத்திரை போட்டு நகல் தருகிற வழக்கமே இல்லை. வற்புறுத்திக் கேட்டால், “எங்க மேல நம்பிக்கை இல்லையா?” என்பார்கள். அதற்கு மேல் கேட்டால் அடுத்த மோட்டார் வேறு பட்டறைக்குப் போய்விடும். சரக்குக் கொடுத்த நாளிலிருந்து மூன்று ஆண்டு போனால் காலவரையறைச் சட்டப்படி வழக்குப் போடும் உரிமையும் போய்விடும். ‘இவருக்கு இவ்வளவு பாக்கி’ என்று அதற்குள் ஒரு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டால் அந்த மூன்று ஆண்டு புதிதாகத் தொடங்கும். அந்த ஒரு வரியைத்தான் யாரும் எழுதித் தருவதில்லை.

தலைவர்களையும் செயலர்களையும் மட்டும் குறை சொல்லி நான் முடிக்க மாட்டேன். கைக்காசைப் போட்டு மோட்டார் மாட்டிவிட்டு, பிறகு அந்தப் பணத்தை எடுக்க முடியாமல் நகையை அடகு வைத்த தலைவர்களை எனக்குத் தெரியும். ஓர் ஊராட்சியின் கையில் என்ன இருக்கிறது? வீட்டு வரி, குடிநீர்க் கட்டணம், கொஞ்சம் உரிமக் கட்டணம். மற்றபடி மாநில நிதிக்குழு மானியமும் மத்திய நிதிக்குழு மானியமும் வந்தால்தான் உண்டு. வருவதில் மின்வாரியத்துக்கும் குடிநீர் வடிகால் வாரியத்துக்கும் கட்ட வேண்டியதை முதலில் ஒதுக்க வேண்டும். மத்திய நிதிக்குழுப் பணத்தில் 60 சதவீதத்தைக் குடிநீருக்கும் சுகாதாரத்துக்கும் மட்டுமே செலவழிக்கலாம் என்று 15-ஆவது நிதிக்குழு வரம்பு கட்டியது. ஆகையால் பைப்புக்குப் பணம் இருக்கும்போது தெருவிளக்குக்கு இருக்காது. “இந்தத் தலைப்புல வராது, அடுத்த நிதி வரட்டும்” என்று செயலர் சொல்வதில் பாதி நேரம் உண்மை இருக்கிறது. தலைவருக்கும் துணைத்தலைவருக்கும் பேச்சுவார்த்தை இல்லாத ஊர்களில் இன்னொரு தடங்கல். இருவரும் சேர்ந்து கையெழுத்திட்டால்தான் பணம் வெளியே வரும். அவர்கள் சண்டை தீரும்வரை எங்கள் பில் மேசையில் கிடக்கும்.

பணம் இல்லாதது குற்றமில்லை. பணம் எப்போது வரும் என்று தெரியாமல் வாங்குவதும், வாங்கினதை எங்கும் எழுதாமல் விடுவதும்தான் குற்றம். எங்கள் துன்பத்துக்கெல்லாம் வேர் அங்கேதான் இருக்கிறது. ஊராட்சியின் கணக்கு ரொக்கக் கணக்கு. பணம் போன அன்றுதான் செலவு என்று ஒன்று அங்கே எழுதப்படும். நான் மோட்டார் கொடுத்த நாளில் அந்தக் கணக்கில் எதுவும் நடக்கவில்லை. பில் கொடுத்த நாளிலும் எதுவும் நடக்கவில்லை. வருட முடிவில் வரவு செலவு பார்க்கிறவர் கண்ணுக்கு அந்த ஊராட்சி கடனே இல்லாத ஊராட்சியாகத் தெரியும். இத்தனைக்கும் மத்திய அரசு வகுத்த மாதிரிக் கணக்கு முறையில் ‘வர வேண்டியவை, தர வேண்டியவை’ என்று ஒரு படிவம் இருக்கிறது. என் பெயரும் தொகையும் எழுதி நிரப்பின அந்தப் படிவத்தை இதுவரை எந்த ஊராட்சியிலும் நான் கண்டதில்லை.

எழுதாத கடன் யாருடைய கடன் என்பது ஆள் மாறும்போது தெரிந்துவிடும். 2016 அக்டோபரில் உள்ளாட்சி மன்றங்களின் பதவிக்காலம் முடிந்தது. எங்கள் மாவட்டத்தில் அடுத்த தேர்தல் 2019 டிசம்பரில்தான் நடந்தது. இடையில் மூன்று ஆண்டு தனி அலுவலர் ஆட்சி. 2019-இல் வந்தவர்கள் பதவிக்காலம் 2025 ஜனவரி 5-இல் முடிந்தது. மறுபடியும் தனி அலுவலர்கள். ஐந்தாண்டு முடிவதற்குள் தேர்தல் நடத்தி முடிக்க வேண்டும் என்று அரசியலமைப்பே சொல்லும்போது இது ஏன் நடக்கிறது என்பது பெரிய கேள்வி. அதைப் பெரியவர்கள் கேட்கட்டும். கடைக்காரனுக்கு அதில் இரண்டு அடி. முறையாகத் தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றம் இல்லாவிட்டால் மத்திய நிதிக்குழு மானியம் இல்லை என்பது நிபந்தனை, ஆகவே வருகிற பணம் சுருங்குகிறது. அதோடு, வாங்கினவரும் போய்விடுகிறார். ஓர் ஒன்றியத்தில் சராசரியாக முப்பதுக்கு மேற்பட்ட ஊராட்சிகள். அத்தனைக்கும் தனி அலுவலராக ஒரு வட்டார வளர்ச்சி அலுவலர் இருந்தால், போன தலைவர் போனில் சொல்லி வாங்கிய கேட் வால்வைப் பற்றி அவருக்கு என்ன தெரியும்?

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் எங்கள் மாவட்டம் பட்ட பாட்டை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை. தாமிரபரணிக் கரை ஊர்கள் தீவுகளாக நின்றன. குளங்கள் உடைந்தன. கரண்ட் இல்லை, குடிநீர் இல்லை. அந்த நாட்களில் எங்கள் வியாபாரிகள் சங்கத்துக் கடைக்காரர்கள் யாரும் கணக்குப் பார்க்கவில்லை. ஜெனரேட்டர், டீசல் பம்பு, ஹோஸ், சாக்கு, பிளீச்சிங் பவுடர் என்று எந்த ஊராட்சி எதைக் கேட்டாலும் ஏற்றிவிட்டோம். எங்கள் குடோன்களிலும் தண்ணீர் புகுந்திருந்தது. ஜே.சி.பி. வைத்திருந்த ஒருவர் உடைப்பு அடைக்க இரவு பகலாக வண்டியை ஓட்டினார். வண்டிக்கு மாதத் தவணை ஓடிக்கொண்டிருந்தது. தண்ணீர் வடிந்த பிறகு பில் கொடுத்தோம். சில ஊராட்சிகள் பேரிடர் நிதி வந்ததும் மரியாதையாகக் கூப்பிட்டுக் கொடுத்தன. அவர்களைக் கையெடுத்துக் கும்பிடுகிறேன். வேறு சில ஊர்களில் ‘பாக்கலாம், பாக்கலாம்’ என்றே ஒரு வருடம் போனது. 2025 ஜனவரி வந்தது, தலைவர் இறங்கினார். ஜே.சி.பி.காரர் பழைய பில்லோடு அலுவலகம் போனபோது கிடைத்த பதில்: “வெள்ளத்தப்போ நாங்க இங்க இல்லையே. யாரு வாங்குனாங்களோ அவங்ககிட்டக் கேளுங்க.”

வாங்கினது ஒரு மனிதரா, ஊராட்சியா? உடைப்பு அடைத்தது தலைவர் வீட்டு வரப்பிலா? பிளீச்சிங் பவுடர் போட்டது அவர் வீட்டுக் கிணற்றிலா? ஊராட்சி என்பது சட்டப்படி தொடர்ந்து இருக்கிற அமைப்பு, ஆள் வந்தாலும் போனாலும் அதன் சொத்தும் கடனும் அதனோடு நிற்கும். மோட்டாரையும் விளக்கையும் சொத்துப் பதிவேட்டில் ஏற்றிக்கொள்கிற ஊராட்சி, அதன் கடனை மட்டும் போன தலைவரோடு அனுப்பிவைப்பது எந்தக் கணக்கு?

பினாயில் கொடுத்த மகளிர் குழுவின் கதையையும் சொல்ல வேண்டும். பத்துப் பன்னிரண்டு பெண்கள், வங்கிக் கடனில் சரக்கு வாங்கி, வீட்டுக் கொல்லையில் தயாரித்து, இரண்டு மூன்று ஊராட்சிகளுக்குக் கொடுத்தார்கள். சுய உதவிக் குழுவிடம் வாங்குங்கள் என்று மேலிருந்து சொன்னதால்தான் ஊராட்சிகளும் வாங்கின. பணம் வரவில்லை. குழுக்கடன் தவணை மாதம் தவறாமல் வரும், தவறினால் குழுவுக்கே கெட்ட பெயர். அந்தப் பெண்கள் ஆளுக்கு இவ்வளவு என்று களையெடுத்த கூலியில் போட்டுத் தவணை கட்டினார்கள். இப்போது பினாயில் தயாரிப்பதில்லை. கூலி வாங்கும் பெண்கள் ஓர் அரசு அமைப்புக்கு வட்டியில்லாக் கடன் கொடுத்து நொடித்திருக்கிறார்கள். இதைச் சொன்னால், “சின்னத் தொகைதானே” என்கிறார்கள். யாருக்குச் சின்னத் தொகை?

இதெல்லாம் கடைக்காரன் பாடு, ஊருக்கு என்ன என்று நினைக்க வேண்டாம். இரண்டு வருடம் கழித்து வருகிற பணத்துக்கு வியாபாரம் செய்கிறவன் இரண்டு வருட வட்டியைச் சேர்த்துத்தான் விலை சொல்வான். சொல்ல மனமில்லாதவன் விலகிவிடுவான். எங்கள் பஜாரிலேயே பழைய கடைகள் சில, ஊராட்சி வியாபாரம் வேண்டாம் என்று நிறுத்திவிட்டன. மிஞ்சுகிறவர்கள் யார்? பணத்தைப் போட்டுக் காத்திருக்கத் தெம்புள்ளவர்கள், அலுவலகத்தில் பில்லை நகர்த்தத் தெரிந்தவர்கள். நகர்த்துவதற்கு ஆகிற செலவும் விலையில்தான் ஏறும். அரசு விலைப்பட்டியலைத் தாண்டிப் போட முடியாத இடத்தில் தரம் குறையும். மூன்று வருடம் எரிய வேண்டிய விளக்கு ஆறு மாதத்தில் அணையும். நாணயமான ஆளை விரட்டிவிட்டு ஊராட்சி வாங்குகிற ஒவ்வொரு பொருளுக்கும் கூடுதல் விலை கொடுப்பது வீட்டு வரி கட்டுகிற ஊர்க்காரர்தான். இப்போது எங்கள் பக்கம் காயில் கட்டுகிறவர்கள் சிலர், ஊராட்சி மோட்டார் என்றால் பாதிப் பணத்தை முன்னால் வைக்கச் சொல்கிறார்கள். அந்தப் பணம் புரள ஒரு வாரம் ஆகிறது. ஒரு வாரமும் அந்த ஊரில் தண்ணீர் இல்லை. அவர்களைக் கோபிக்க எனக்கு வாய் வரவில்லை.

சலுகை எதையும் நாங்கள் கேட்கவில்லை. அவசரத்துக்குப் போனில் சொல்லுங்கள், ராத்திரியே அனுப்புகிறோம். ஆனால் மறுநாள் காலையில் எண் போட்ட ஒரு துண்டுச் சீட்டு கொடுங்கள்: இன்ன பொருள், இன்ன விலை, இன்னாரிடம் வாங்கப்பட்டது என்று. நாங்கள் கொடுக்கும் பில்லுக்கு முத்திரை போட்டு நகல் கொடுங்கள். தேதியை மாற்றச் சொல்லாதீர்கள். வாங்கிய அன்றே பாக்கிப் பதிவேட்டில் ஏற்றுங்கள். நிதி வந்தால் பில் வந்த வரிசைப்படி கொடுங்கள், ஆள் பார்த்துக் கொடுக்க வேண்டாம். தலைவர் இறங்கும்போது சாவியையும் தீர்மானப் புத்தகத்தையும் ஒப்படைக்கிறாரே, கூடவே கடன் பட்டியலையும் கையெழுத்திட்டு ஒப்படைக்கச் செய்யுங்கள். வருகிறவர் அதைப் பெற்றுக்கொண்டதாக எழுதித் தரட்டும். மாநில அரசு ஓர் ஆணை போட்டால் நடக்கிற காரியங்கள் இவை, எதற்கும் புது நிதி தேவையில்லை. 2006-ஆம் ஆண்டுச் சட்டத்தின் தாமதக் கொடுப்பனவுப் பாதுகாப்பை, உள்ளாட்சிகளுக்கு விற்கிற சிறு வியாபாரிக்கும் நீட்டிக்க வேண்டும் என்பது மத்திய அரசுக்கு எங்கள் கோரிக்கை.

இதைப் படிக்கிற உங்களுக்கும் ஒரு வேண்டுகோள். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று வருடத்தில் ஆறு நாள் உங்கள் ஊரில் கிராம சபை கூடுகிறது. வரவு செலவு வாசிப்பார்கள். வாசித்து முடித்ததும் எழுந்து நின்று, “நம்ம ஊராட்சி யார் யாருக்கு எவ்வளவு பாக்கி தரணும்?” என்று கேளுங்கள். பட்டியல் இல்லை என்றால், அடுத்த கூட்டத்துக்குள் தயார் செய்ய வேண்டும் என்று தீர்மானம் கொண்டுவாருங்கள். கிராம சபைத் தீர்மானத்தில் ஒரு முறை ஏறிவிட்ட கடனை, வாங்கினது நாங்கள் இல்லை என்று எந்த அலுவலராலும் சொல்ல முடியாது.